ஐம்பத்தெட்டும் ஒரு கார்டு வண்டியும்

கூட்ஸ் வண்டிக்கு அட்டவணை கிடையாது.
அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில்
அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி
சரளைக்கல் மிதித்துக்கொண்டு
கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறேன்.
வந்தால் வரும்.

மற்ற ஆறு நாளும் எனக்கு நேரம் உண்டு.
எட்டு நாற்பதுக்குக் கட்டைவிரல் ரேகை,
பதினொன்றுக்கு டீ.
கிண்டியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில்
அடுத்தவர்களுடைய விபத்துகளைத்
தட்டச்சு செய்கிறேன்.

கேமரா ரிச்சி தெருவில் வாங்கியது, செகண்ட் ஹேண்ட்.
லென்ஸின் ஓரம் முந்தைய ஆள் வளர்த்த பூஞ்சை.
எடுக்கிற படத்திலெல்லாம்
இடது மேல் மூலையில் ஒரு சின்ன மேகம்.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு
அது பொருந்தித்தான் போகிறது.

முதலில் அவளை இடைஞ்சலாகத்தான் பார்த்தேன்.
பாலத்தின் மூன்றாம் தூணுக்கு நேரே
இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து
இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டு,
பல்லில் கவ்விய ஓலைப் பறியோடு,
எஞ்சினின் நிழல் விழவேண்டிய
அதே இடத்தில்.
தள்ளிப் போகச் சொல்லிக் கையசைத்தேன்.
பார்த்தாள்.
வாயில் பறி இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.
தள்ளவும் இல்லை.

அப்புறம் திடீரென்று நிமிர்ந்தாள்.
சாம்பல் தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்ட
மோவாயால் வடக்கைக் காட்டினாள்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கரையில் நின்ற கொக்குகூடத்
திரும்பிப் பார்க்கவில்லை.
விரல் மட்டும் எதற்கோ
ஒருமுறை அழுத்திவிட்டது.

ஒரு நிமிடம் போயிருக்கும்.
பாலம் முனகியது. பிறகு
இரும்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.
பச்சை எஞ்சின், நெற்றியெல்லாம் புழுதி.
பின்னால் கரி, கரி, கரி.
பதினேழு, பதினெட்டு
(எண்ணாமல் படமெடுக்க எனக்கு வராது)
நாற்பத்தொன்றாம் பெட்டியின் மூலையில்
ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது.
எந்த ஊர்க் காக்கை போட்ட விதையோ,
நாலு இலையோடு
டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.
கடைசியில் கார்டு.
கேமராவைப் பார்த்ததும்
அந்தக் காற்றிலும் தலையை வாரிக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
"ஏங்க்கா, அத்த மெதுவாப் போச் சொல்ல
ஒனக்கு ஆளு கீதா?"
இல்லை என்றேன்.
"அதுருச்சுன்னா எறா அடிச்சேத்துக்குப் பூந்துருது.
இன்னும் அர மணி தேடணும்."
செஞ்சம்மா என்று பெயர் சொன்னாள்.
பறிக்குள் எட்டு இறால், ஒரு சின்ன நண்டு.
"பொட்டி எத்தினி எண்ணுன?"
"ஐம்பத்தெட்டு."
"கால்ல அறுவது வந்துச்சே."

எஞ்சின் ஒன்று, கார்டு வண்டி ஒன்று.
சேற்றுக்குள் நின்றபடி
ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காமல்
அவள் எண்ணியதுதான் சரி.
நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

திரும்பும்போது ரயில்வே போலீஸ்.
"ஏம்மா, பாலத்த எதுக்கு போட்டோ எடுக்கற?"
எதுக்கு?
எங்கள் அலுவலகப் படிவத்திலும்
இப்படி ஒரு கட்டம் உண்டு,
காரணம் என்று. பெரும்பாலோர்
அதில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள்.
நான் நின்றேன்.
அவர் வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாக அழித்தார்.
எஞ்சின் போனது. அரசங்கன்று போனது.
வாரிய தலையோடு கார்டு போனார்.

கடைசிப் படத்தில் நிறுத்தினார்.
வெறும் பாலம்,
நிமிர்ந்த ஒரு பெண், சொட்டுகிற கைகள்,
அவளைச் சுற்றித் தண்ணீரில்
ஊசியால் கீறியதுபோல் சில வளையங்கள்.
"இதுல வண்டியே இல்லியே" என்று
கேமராவைத் திருப்பித் தந்தார்.

இல்லைதான் சார் என்றேன்.