ஒரு சொல்

செவ்வாய், மாங்குளம் மைதானத்தில் ஒருவர்.
வெள்ளி, அதே மைதானம், அதே மேடை, மற்றவர்.
இருவருக்கும் சிங்களத்தைத் தமிழாக்கியது நான்.
கூலியும் ஒன்றுதான்: ஆறாயிரமும் சோற்றுப் பார்சலும்.

சந்தையைத் திறந்துவிடுவோம் என்றார் முதலாமவர்.
அரசே கொள்வனவு செய்யும் என்றார் மற்றவர்.
வித்தியாசம்தான். மறுக்கவில்லை.
கனகராயன்குளத்து நெல்லுக்காரர்
காதைக் கொடுத்துத்தான் கேட்டார்கள்.

ஆனால் இரண்டு பேரும்
"அப்பே ரட்ட" என்ற இடத்தில்
என் நாக்கு நின்றது.
சிங்களத்தில் அது ஒன்று.
மேடைத் தமிழில் இரண்டு.
கேட்பவரையும் சேர்த்தால் நமது நாடு,
சேர்க்காவிட்டால் எங்கள் நாடு.
எதைச் சொன்னார்?
திரும்பிக் கேட்க முடியுமா, ஒலிவாங்கி முன்னால்?

செவ்வாய் "நமது" என்றேன்.
முன்வரிசையில் சறோசினி,
காணி உறுதியைப் பொலித்தீன் பையோடு
மடியில் வைத்திருந்தவள்,
முகாம் வேலிப் பக்கம் பார்த்தாள்.

வெள்ளி "எங்கள்" என்றேன், வேண்டுமென்றே.
ஒருவரும் கவனிக்கவில்லை.
வேட்பாளர் கையசைத்தார்.
அவள் மட்டும் நிமிர்ந்து
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வயரைச் சுருட்டிக்கொண்டே
ஒலிபெருக்கிக்காரப் பெடியன் கேட்டான்:
"அண்ணை, ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இருக்கோ?"
இருக்கு, என்றேன்.
நிறைய இருக்கு.
அந்த ஒரு சொல்லில் இல்லை.