தட்டில் இருந்த பேர்

எஸ்தோனியாவிலிருந்து கெர்த்து வந்து
பதினோரு நாள்.
கன்னங்குறிச்சி வீட்டில்
பாத்ரூம் கதவை எத்தித் தாழ் போடவும்
தண்ணி விடும் நாளுக்குக் குடம் எண்ணி வைக்கவும்
யாரும் சொல்லாமலே பழகிவிட்டாள்.
காரத்துக்கு மட்டும் இன்னும் மூக்கு சிவக்கும்.
தட்டுவடை செட்டைப் பிரித்துப் போட்டு
பீட்ரூட்டைத் தனியாகத் தின்பாள்.

ஏரிக்கரைப் பள்ளியில்
ஒண்ணாங்கிளாஸுக்கு இங்கிலீஷ் அவள் வேலை.
பதிலுக்கு அதுகள் அவளுக்கு
அ, ஆ.

நேற்று ராத்திரி
ரசம் சோறு வழித்த தட்டில் விரல் வைத்து
ஒவ்வொன்றாய்,
தெய்... வா... னை.
"இது யாரு?"

அலமாரி மேல் கிடந்த தட்டு.
நான்தான் இறக்கிக் கொடுத்தேன்,
வெள்ளைக்காரிக்குப் படிக்கவா தெரியும் என்று.

இவர் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்,
"என் தங்கச்சி."
ஆறு வருஷமாய் இந்த வீட்டில்
யாரும் எடுக்காத சொல்.

"எங்கே?"
"அம்மாபேட்டை. டவுன் பஸ்ஸுல
அரை மணி நேரம்."

மூன்று விமானம் மாறி வந்தவள்
தலையாட்டினாள், புரியாமல்.
மோர் சோற்றோடு நான் நீட்டிய கரண்டிக்கு
பேரை விட்டு
ஓரமாய் இடம் காட்டினாள்.