கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டாச்சு.
ஷேர் ஆட்டோவில் ஆறு பேர்.
என் மடியில் வாடகை டிடெக்டிவ் பிச்சாண்டி,
நாற்பத்து மூன்றாம் பாகம்.

குக்கர் திருடுபோகும், பல்செட் காணாமல் போகும்,
கையாள் டப்பா
தப்பான வீட்டுச் சுவரேறி
நாயிடம் வாக்குமூலம் வாங்குவான்.
இருபது வருஷமாய் ஒரு சாவு கிடையாது.

இதில், அறுபத்தோராம் பக்கத்தில்
டப்பா குப்புறக் கிடக்கிறான்.
முதுகில் கத்தி.

டேங்கர் வண்டி முடியவே மாட்டேனென்கிறது.
நான் பக்கத்தைப் புரட்டவில்லை.
"இன்னாக்கா, கண்ணு கலங்குது?"
"டப்பாவைக் குத்திட்டாங்கப்பா."

பக்கத்து சீட்டு ரெஜினா
விரலை நக்கித் தானே புரட்டி
சத்தமாய்ப் படிக்கிறாள்:
பிணம் தும்மியது.

கேட் தூக்கியாச்சு. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
டிரைவர் முழுசாய்த் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்:
"அப்போ அந்தக் கத்தி?"