அளக்கக்கூடிய வினைச்சொல்

'புரிந்துகொள்வர்' என்று எழுதியிருந்தேன்,
மலாயில்தான்; இங்கே தமிழில் சொல்கிறேன்.
டாக்டர் நோர்லிஸா அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.
சிவப்பு இல்லை, பென்சில்.
என்னைவிட ஆறு வயது இளையவர், மரியாதை தெரிந்தவர்.
"புரிந்ததை எதை வைத்து அளப்பீர்கள், புவான் லோகேஸ்வரி?
கண்ணுக்குத் தெரிகிற வினைச்சொல் போடுங்கள்."

'பொருத்துவர்' என்றேன். தலையசைத்தார்.
பிரிப்பர். வளைப்பர். பெயரிடுவர்.
பத்தொன்பது வருஷம் ஏர்கோன் பழுதுபார்த்தவளிடம்
இத்தனை வினைகள் கிடந்தது எனக்கே தெரியாது.
ஒன்று மட்டும் படிவத்தில் நுழையவில்லை:
கம்ப்ரஸர்மேல் உள்ளங்கை வைத்து
'இந்த வாரம் தாங்குவாயா' என்று கேட்பது.

சனிக்கிழமை வகுப்பு.
வெள்ளி இரவு பதினொன்றுக்கு
ஸ்தாப்பாக்கில் ஒரு கிளினிக்கின் கூரைமேல் இருந்தேன்.
வருகைத்தாளில் கையெழுத்திடும்போது
விரலிடுக்கில் இன்னும் கறுப்பு.
படிவம் மலாய், படிக்கவேண்டிய கட்டுரைகள் ஆங்கிலம்,
நள்ளிரவில் அவற்றைத் திட்டுவது மட்டும் தமிழ்.

நுண்கற்பித்தல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.
பதினைந்து நிமிடம் ஒருவர் ஆசிரியர்;
மற்ற எல்லாரும் பதினாறு வயதுக்குத் திரும்பிவிட வேண்டும்.
போன வாரம் கக் ரொஹைடா மாவு பிசையக் கற்றுத்தந்தார்.
மோட்டார்சைக்கிள் பட்டறை சோங்,
வீட்டில் தினமும் ரொட்டி சுடுகிறவர்,
'ஈஸ்ட் என்றால் என்ன' என்று கேட்டார், முகம் மாறாமல்.
பின்வரிசையில் தையல்கார அமலதாஸ்
மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருக்கு விழுந்த சீட்டு: குறும்புக்காரன்.

இன்று என் முறை.
கீழ்த்தளப் பட்டறை. செப்புக் குழாய் இரண்டு,
வெள்ளிக் கம்பி, டார்ச்.
நோக்கம்: மாணவர் கசிவின்றி இணைப்பர்.
அளக்கலாம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி,
குமிழி வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

சபாக்காரி ஜோவினாவிடம் டார்ச்சைக் கொடுத்தேன்.
சலூன் வைத்திருப்பவள். அவள் நடிக்கவில்லை,
அவளுக்கு நிஜமாகவே தெரியாது.
கம்பியை நேராகத் தீயில் காட்டினாள்;
உருண்டு தரையில் சொட்டியது.
என் கை தானாக நீண்டது.
மூலையில் பென்சில் எதையோ குறித்தது.
கையை மேலங்கிப் பைக்குள் திணித்தேன்.

"சிக்கு," என்று கூப்பிட்டாள்.
மலாயில் அது ஆசிரியர்.
தமிழில், சீப்புக்கு அடங்காத முடி.
"கம்பியை எப்போ வைக்கணும், சிக்கு?"
"குழாய் சூடான பிறகு. உருக்கவேண்டியது குழாய், தீ இல்லை."
"சூடாயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"
"தெரியும்."

சொன்ன கணமே என் காதில் விழுந்தது
அந்தச் சொல்மேல் கோடு கிழிகிற ஓசை.

எனக்கு எப்படித் தெரிந்தது?
செந்தூல் கடையில் முதலாளி முதுகைக் காட்டியபடி பற்றவைப்பார்,
தொழில் வெளியே போய்விடக்கூடாதென்று.
தோளுக்கு மேலே எட்டி எட்டித் திருடினேன்.
திருடியதற்கு யார் பெயர் வைத்தார்கள்?

குனிந்தேன், அவள் கண் உயரத்துக்கு.
முதலில் செம்பு மங்குது, பார்.
இப்போ கறுக்குது.
இப்போ உள்ளேயிருந்து ஒரு சிவப்பு வரும்,
மிளகாய்ச் சிவப்பு இல்லை, அதற்கும் முந்தியது, அதற்கு...

"ஆறு புள்ளி ஆறு," என்றாள் ஜோவினா.
என்ன?
"சாய அட்டையில, சிக்கு. அந்த நிறத்துக்கு நம்பர் இருக்கு."
கம்பியை வைத்தாள்.
குழாயைச் சுற்றி ஓடி ஒரு வெள்ளி வளையம்
தன்னைத்தானே மூடிக்கொண்டது.

மூடியது போலிருந்தது.
நுரை தடவினால் ஓரத்தில் ஒரு குமிழி,
கடுகளவு, விடாமல்.
நோக்கம் நிறைவேறவில்லை என்று படிவத்தில் நானே எழுதினேன்.
ஜோவினா இன்னொரு குழாய் கேட்டாள்.
நேரம் முடிந்ததென்று சோங் மணியடித்தும்
யாரும் பதினாறிலிருந்து திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை, செகாம்புட்.
டார்ச் பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினேன்: 6.6.
உதவிக்கு வரும் ஷொஹாக் எட்டிப் பார்த்தான்.
"இது என்ன அக்கா, பிரஷரா?"

"முடி," என்றேன்.