ஒயில் மூடி

பஞ்சிகாவத்தையில் மழை விட்டு அரைமணி நேரம்.
ஜயலத் பாஸ் எஞ்சினை ஓடவே விட்டு
ஒயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி
தலைகீழாய் அதன் மேலேயே வைத்தார்.
சும்மா, இறுக்காமல்.
மூடி துள்ளியது.
இரண்டு துள்ளல், ஒரு சுழற்சி,
பிறகு என் செருப்பருகே.

“ரிங் எல்லாம் முடிஞ்சிது நோனா” என்றார்,
தனக்குத் தெரிந்த தமிழில்.
குனிந்து எடுத்தேன். சுட்டது.
கையை உதறவில்லை.
கராஜில் ஏழு ஆண்கள் நின்றார்கள்.

ஒயில் கோலை இழுத்தால்
நுனியில் பால்தேநீர் நிறம்.
தண்ணீர் எங்கோ உள்ளே இறங்குகிறது.
ஹெட்டைச் சீவ வேண்டும், லைனர் மாற்ற வேண்டும்,
கிராங்கை ஏற்கெனவே இரண்டு தரம் கடைந்தாயிற்று,
மூன்றாம் தரத்துக்கு இரும்பு மிச்சமா என்பதைக்
கழற்றினால்தான் சொல்லலாம்.
கழற்றினால்
பூட்டத்தான் வேண்டும்.
நாலரை லட்சம் என்றார் பாஸ்.
“நாலரை எண்டா ஆறு” என்று
என் காதுக்குள் திருத்தினான் டிரைவர் மரியசீலன்.

ஆறு லட்சம் என்றால்
செட்டியார் தெரு அடகுக்கடை,
கையில் கிடக்கிற காப்பு நாலும்,
அதன்மேல் ஒரு சீட்டு.

வாங்கிய நாளில் இதன் சத்தம் பட்டுப்போல இருந்தது.
பேலியகொடையில், விற்றவன் வீட்டு வாசலில்,
அவன் மனைவி எனக்கு நெக்டோ ஊற்றித் தந்தாள்.
தடித்த ஒயில் ஊற்றிய பட்டு அதென்று
மூன்றாம் கிழமை, களனிப் பாலத்து ஏற்றத்தில்,
பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் சேர்ந்து சொல்லித் தந்தன.

பாஸ் இப்போது அதையேதான் சொல்கிறார்,
குரலைத் தாழ்த்தி:
“தடிச்ச ஒயில் போடுவோம், ஒரு போத்தல் மருந்தும்.
ஒரு மாசம் சத்தம் வராது. வித்துடலாம்.”

டீசல் வரிசைக் காலத்தில்
மரியசீலனுக்குக் காய்ச்சல்.
ஒருகொடவத்தை ஷெட்டுக்கு முன்னால் ஐந்து இரவு
நானே ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கினேன்.
யாரும் நகர்ந்தால் நகர்வேன், எஞ்சினைப் போடாமல்,
பின்னால் நின்ற முன்பின் தெரியாதவர்கள் தள்ள.
அந்த ஐந்து இரவை
வரவில் எழுதுவதா, செலவிலா?
கொப்பியில் இன்னும் ஒரு வரி வெறுமையாய்த்தான் கிடக்கிறது.

வத்தளையிலிருந்து ஒரு சோடி பார்க்க வந்தார்கள்.
அவன் டயரை உதைத்தான்,
எல்லோரும் உதைக்கிற மாதிரி.
அவள் கீழே குனிந்து
சேசிஸைச் சாவியால் தட்டித் தட்டிக் கேட்டாள்.
துரு இருக்கும் இடத்தில் நின்றாள், மறுபடி தட்டினாள்.
எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.
அதுதான் வியாபாரம் கெட்ட இடம்.

எஞ்சினைப் போடச் சொன்னேன்.
பாஸ் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று.
மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன்.
துள்ளியது, நேற்றையதைவிட உற்சாகமாக.

அவள் சிரித்தாள்.
“எங்கட பழைய லொறியில இது கூரையில போய் முட்டும் அக்கா.
சேசிஸ் நல்லாத்தான் இருக்கு. ஒரு இடம் மட்டும் ஒட்டோணும்.
சொல்லுங்கோ, எவ்வளவு குறைப்பியள்?”

குறைக்கத்தான் வாய் திறந்தேன்.
உண்மை சொன்னால் ஓடிவிடுவார்கள் என்றல்லவா
இரவெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.
இவள் ஓடவில்லை.
அறிந்துகொண்டும் கேட்கிறாள்.
அப்படியானால் இதில் ஏதோ இருக்கிறது,
தடித்த ஒயில் இல்லாமலே.

மூடியை எடுத்துத் துடைத்து
அதன் இடத்தில் வைத்து இறுக்கினேன்.
“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி” என்றேன்.
அவள் கோபப்பட்டாள். நியாயம்தான்.
அவன் டயரை இன்னொரு தரம் உதைத்துவிட்டுப் போனான்.

“கழட்டுங்கோ பாஸ்” என்றேன்.
அவர் பதினேழாம் நம்பர் சாவியைத் தேடப் போனார்.

நான் காப்புகளைக் கழற்றத் தொடங்கினேன்.
மூன்று வந்துவிட்டது.
நாலாவது மணிக்கட்டில் நின்று அடம்பிடித்தது.
பாஸிடம் கொஞ்சம் கிறீஸ் கேட்டேன்.