ஒன்பது நிமிடங்கள்

குளிர்காலம் முழுக்க
ஈரி நகரத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
கோடையின் சனிக்கிழமைகள் என்னுடையவை.
கராஜ் வாசலில் மேசை போட்டு
வீட்டைக் காலி செய்கிறவர்களிடம்
வணக்கத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுவேன்:
பழைய வீடியோ கேசட் இருக்கிறதா,
தடித்த வெள்ளைப் பெட்டியில்?

அந்தப் பெட்டி கிளிஞ்சல் போல வாய் திறக்கும்.
மூடும்போது ஒரு ‘டப்’.
அதைக் கேட்டே ஆண்டு சொல்லிவிடுவான் மார்வின் டெட்ரிக்.
முதல் வருடத்து டப் கனமானதாம்,
பிறகு பிளாஸ்டிக்கில் கஞ்சத்தனம்.

குழந்தை குட்டியோடு பார்க்கலாம் என்று
பெயரெடுத்த ஸ்டுடியோ அது.
தன் பழைய படங்களை முதன்முதலாகக் கேசட்டில் விட்டபோது
பாதி மனதோடுதான் விட்டது.
‘வாடகைக்கு மட்டும்’ என்று நீல ஸ்டிக்கர்.
அந்த ஸ்டிக்கர் கிழியாதவை என்னிடம் முப்பத்தொன்று.
இன்னும் நாலு கிடைத்தால்
என்ன ஆகும்?
அலமாரி நிறையும், வேறென்ன.

போனிலேயே கிடைக்கிற படத்துக்கு
பூசணம் பிடித்த டேப் எதற்கு என்பாள் ஜோலீன்.
தெரிந்தால் சொல்லமாட்டேனா.

ஜூன் மாதம், லென் குபியாக்கின் கராஜ்.
வாப்பிள் சுடும் இரும்புக்கும்
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில்
முப்பத்திரண்டாவது.
வாடகைக் கடையை மூடியபோது
அம்மா மூன்று டாலருக்கு வாங்கியதாம்.
இப்போது அவள் டாம்பாவில், மகள் வீட்டில்.
லென்னுக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலில் பட்டை.

‘ஜூனிபர் என்று ஒரு கோவேறு கழுதை.
கால்வாய்க் கரையில் நடந்து படகு இழுக்கும்.
மதகு உடைந்து வெள்ளம் வரும்.
பையனைக் கரையில் தள்ளிவிட்டு
தானும் ஏறி வந்து
உடம்பை ஒரு உலுக்கு உலுக்கும் பாருங்கள்!
அத்தோடு படம் முடியும்.’
சொல்லிக்கொண்டே தோளை உலுக்கிக் காட்டினார்.
என் கண்ணாடியில் தண்ணீர் தெறித்த மாதிரி இருந்தது.
இரண்டு டாலர் கொடுத்தேன்.

இரவு ஓட்டிப் பார்த்தேன்.
நாற்பது வருடம் தேய்ந்த டேப்.
படம் முழுக்க ஆலங்கட்டி மழை,
பையன் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து.
வெள்ளம் வந்தது. கழுதை கரையேறியது.
உலுக்கியது.
அந்த இடத்தில் திரைக்குக் குறுக்கே
தடித்த கோடு ஒன்று,
நூறு முறை நிறுத்தினால் விழும் தழும்பு.

அப்புறம்
படம் சட்டென்று பளிச்சென்றானது.

லாயத்தில் வைக்கோல் ஒவ்வொரு தாளாகத் தெரிந்தது.
ஜூனிபர் இருமியது, இரண்டு இரவு.
அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு போனார்,
கதவைச் சாத்தினார்.
காலையில் ஆணியில் கயிறு மட்டும்.
ஒன்பது நிமிடங்கள்,
தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, கறைபடாமல்,
ஒருவரும் பார்க்காதவை.

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து
ஒவ்வொரு முறையும் சரியாக அங்கே
பொத்தானை அமுக்கியிருக்கிறாள் இர்மா குபியாக்.
அவ்வளவுதான், முடிந்தது, போய்ப் பல் தேய்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு:
டேப்பை முதலுக்குச் சுற்றித்தான் அலமாரியில் நிறுத்தவேண்டும்.
நடுவில் விட்டால் நாடா தொய்யும், விளிம்பு மடங்கும்.
மார்வின் பார்த்தால் தொண்டை கிழியக் கத்துவான்.

பின்னால் ஓட்டினேன். லாந்தர் திரும்பி வந்தது,
இருமல் உள்ளே போனது.
தழும்பு வந்ததும் நிறுத்தி
வெளியே எடுத்தேன்.
டப்.

செவ்வாய்க்கிழமை லென் கூப்பிட்டார்.
வாப்பிள் இரும்புக்கு வயர் கிடைத்துவிட்டதாம், வேண்டுமா என்று.
பிறகு, போகிற போக்கில்:
‘கேசட் ஓடுகிறதா? கடைசி வரைக்கும்?’

‘ஓடுகிறது’ என்றேன்.
‘நன்றாகவே உலுக்குகிறது.’