அளவுக்கு ஓர் ஆள்

மானிப்பாய் வீதியில், மேல்மாடியில் எங்கள் கந்தோர்.
நான் கீறுவது வீடுகள்.
ஐம்பதில் ஒன்று அளவில் கதவு, யன்னல், கக்கூஸ் குழி,
மழைத்தண்ணி போகும் வழி.
மேலிருந்து பார்க்கும் படத்தில் மனிதர் தேவையில்லை.
முகப்புப் படத்தில் மட்டும்
வாசலின் உயரம் தெரிய
ஓர் ஆள் நிற்கவேண்டும்.

பன்னிரண்டு வருடம் அந்த ஆளை
ஒரு பழைய கையேட்டிலிருந்து ஒற்றி எடுத்தேன்.
டை கட்டியவன். கையில் தோல்பெட்டி.
எங்கேயோ குளிர்நாட்டில்
ரயிலைத் தவறவிடப் போகிறவன்.
கொக்குவிலில், கோண்டாவிலில், சுன்னாகத்தில்
நான் கீறிய அத்தனை வாசலிலும் அவனே நின்றான்.
ஒருதரும் கேட்கவில்லை.

போன தையில்
பிரான்சிலிருந்து வந்த ஞானரூபி அக்கா கேட்டா:
"உவன் ஆர் பிள்ளை?
வட்டிக்காசு கேட்டு வந்தவனே?"

அன்று பின்னேரம் கையேட்டைத் தூக்கி
அலுமாரிக்கு மேல் போட்டேன்,
கதிரை வைத்து ஏறினாலும் எட்டாத மூலையில்.
இனிப் பார்க்காமல்தான்.

முதல் ஆள் வெங்காயச் சாக்குப்போல வந்தான்.
அடுத்தவனுக்கு முழங்கால் எந்த இடத்தில் வருமென்று
எனக்குத் தெரியவில்லை.
முப்பத்தாறு வருடமாக முழங்காலோடு திரிகிறேன்,
சைக்கிள் மிதிக்கிறேன்,
கேட்டால் தெரியாது.
அழிறப்பர் தேய்ந்து மேசையெல்லாம் புழு.
கைகள் வராதபடியால்
எல்லாருக்கும் கையை முதுகுக்குப் பின்னால் விட்டேன்.
ஒரு வரிசையாக ஆறு பேர்,
கை பின்னால், தலை குனிந்து.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.
பிறகு அந்தத் தாளைச் சின்னச் சின்னதாய்க் கிழித்தேன்.

பஸ் நிலையத்துக்குப் போவேன்.
கொப்பி கொண்டுபோவதில்லை.
காரைநகர் பஸ்சுக்கு நிற்கிற ஒருத்தி
நிறையை ஒரு காலில் விட்டு
மற்றதை ஆறவிடுகிறாள்.
இடுப்பு ஒரு பக்கம் ஏறுகிறது,
அதே பக்கத்துத் தோள் இறங்குகிறது.
அதை, வாய்க்குள் தண்ணி வைத்திருப்பதுபோல,
சிந்தாமல் கந்தோர்வரை கொண்டுவரவேண்டும்.
ஐந்து சந்தியில் ஒரு ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.
தோள் போய்விட்டது.
இடுப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

கல்வியங்காட்டில் ஒரு சுவர் பார்க்கப் போன நாள்
சூசைதாசன் மேசன் தூக்குக்குண்டு விட்டுக்கொண்டு நின்றார்.
குண்டு ஆடி, ஆடி, மனம் மாறி,
ஓரிடத்தில் நின்றது.
நான் சுவரைப் பார்க்கவில்லை.
தொண்டைக்குழியில் இருந்து நூல் விட்டால்
நிறை தாங்குகிற குதிக்காலில் குண்டு நிற்கவேண்டும்.
நிற்காவிட்டால் என் ஆள் விழுவான்.
இத்தனை நாளும் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள்.
"வெயிலுக்கை நிண்டு என்னத்தைப் பாக்கிறியள், மிஸ்?
சுவர் நேர்தான்."

அதற்குப் பிறகு நிற்கிறார்கள்.
ஆனால் எல்லாரும் இடப்பக்கம் சாய்ந்து.
ஆணும், பெண்ணும், பள்ளிக்கூடப் பிள்ளையும்
வலதுகாலை நம்பாமல்.
ஏனென்று தெரியாமல் ஒரு கிழமை அழித்துக் கீறினேன்.
ஓரிரவு பல் தீட்டும்போது கண்ணாடியில் கண்டேன்.
சைக்கிளால் விழுந்த அந்தப் பழைய வலி
எப்போதோ மாறிவிட்டது.
நிற்கிற விதம் மாறவில்லை.

ஞானரூபி அக்காவின் முகப்பில்
இப்போது ஒரு மனுசி.
ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது.
செருப்பைக் கழற்ற ஒரு கால் பாதி உயர்ந்திருக்கிறது.
முகம் வைக்கவில்லை,
அந்த அளவில் முகம் ஒரு புள்ளிதான்.
அக்கா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா.
"இவ ஆரெண்டு தெரியேல்லை.
ஆனா உள்ளுக்கை வரப்போறா."

பிரதேச சபை முத்திரை
சரியாக அவளுடைய வயிற்றில் விழுந்தது.
வீடு எழும்பிவிட்டது. பூட்டிக் கிடக்கிறது.
அக்கா ஆடியில் மூன்று கிழமை வருவா.

இடது கை மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.
வாசலில் ஒரு வாளி கீறி
அதற்குப் பின்னால் விட்டிருக்கிறேன்.